வெற்றிலைக்குள் போட்ட கதிரை

ஒன்பது வயதில் நான் என் மூக்கைப் பார்த்துவிட்டு, மலைக்குள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்று சொன்னேன். ஊர் நம்பியது. ஊர் நம்பியதைப் பார்த்து நானும் நம்பினேன். என்னைவிடப் பெரிய மடையன் அப்போது திருகோணமலையில் இருந்திருந்தால் அவன் வேறு தெருவில்தான் இருந்திருக்கவேண்டும். எங்கள் தெருவில் அந்தப் பதவி காலியாக இல்லை.

இதை இவ்வளவு காலமும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் நீங்கள்தான். கலியாண வீடோ செத்த வீடோ, நாங்கள் கிழடுகள் நாலைந்து பேர் கூடினால் இரண்டாவது தேத்தண்ணீருக்குள் அந்தக் குகைக் கதை வந்துவிடும். துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள மலையில் பொக்கிஷக் குகை. அதில் உங்கள் எவருக்கும் சந்தேகமே இல்லை. யார் ஒளித்தது என்பதில்தான் அடிபிடி. பறங்கிக்காரன் கோயிலை இடிக்க வந்தபோது ஐயர்மார் சுவாமியின் நகைகளைக் கொண்டுபோய் வைத்தது என்பார் ஒருவர். ஒல்லாந்தக் கப்பல் தலைவன் தன் எசமான்மாரை ஏமாற்றிப் பதுக்கியது என்பார் இன்னொருவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம் வெள்ளைக்காரன் தங்கக் கட்டிகளை உள்ளே இறக்கிவிட்டு, அவசரத்தில் வாசல் எது என்பதை மறந்துவிட்டான் என்பது மூன்றாவது கட்சி. போன முறை ஒருவர் நேரே இராவணனிடமே போய்விட்டார். நான் வடையைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்தக் குகைப் பொக்கிஷத்தின் வயது எனக்குத் திட்டமாகத் தெரியும். அது என்னைவிட ஒன்பது வயது இளையது. பிறந்த இடம் எங்கள் பக்கத்து வீடு. பெற்றவன் நான்.

வெள்ளைக்காரனுடைய கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் போன பிறகு வந்த முதல் கச்சான் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புழுதியும் வெக்கையும் கலந்த அந்தக் காற்று வீசும்போது தகரக் கூரைகள் எல்லாம் முனகும். அதற்கு முந்தி, துறைமுகக் கப்பல் பட்டறைச் சங்கு ஊதித்தான் ஊர் எழும்பும், ஊர் சாப்பிடும், ஊர் குளிக்கும். சங்கு நின்ற பிறகு ஆட்களுக்குப் பசி எப்போது வருகிறது என்றே விளங்காமல் போய்விட்டது. என் அம்மா பதினொரு மணிக்கும் சோறு போட்டிருக்கிறார், மூன்று மணிக்கும் போட்டிருக்கிறார். நான் இரண்டு தரமும் சாப்பிட்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. வேலி ஒன்றாக இருந்தபடியால் மாமா. பட்டறையில் நங்கூரச் சங்கிலி பழுது பார்க்கிற வேலை. கப்பல்கள் போனதோடு அவருடைய வேலையும் போனது. ஆனால் மாமா போவதை நிறுத்தவில்லை. காலையில் மடிப்புக் கலையாமல் மினுக்கின காக்கிச் சட்டையைப் போட்டு, மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு முன்பு போன அதே நேரத்துக்குப் போவார், அதே நேரத்துக்கு வருவார். எங்கே போகிறார் என்று மாமி கேட்கவில்லை. சட்டையை மினுக்கிக் கொடுத்தார், சோற்றைக் கட்டிக் கொடுத்தார். ஒரு நாள் போனவர் திரும்பி வரவில்லை.

கடலில் விழுந்திருப்பார் என்றார்கள். எங்கள் துறைமுகத்துக்கு அடி கிடையாது, விழுந்தால் மிதக்காது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தோணிக்காரர்கள் இரண்டு நாள் தேடிவிட்டுக் கைவிட்டார்கள். இரண்டு மாதம் கழிந்தது. கிளிவெட்டியிலிருந்து மாமாவின் சொந்தக்காரர்கள் வந்து முற்றத்தில் நின்றார்கள்.

"இனிக் காரியத்தைச் செய்யவேணும். நீயும் பொட்டை அழி."

"செத்தவரெண்டு ஆர் கண்டது?" என்றார் மாமி.

"இருக்கிறாரெண்டு ஆர் கண்டது?"

அதற்குப் பதில் தேடித்தான் மாமி மைக்காரருக்கு ஆள் அனுப்பினார். தான் பொட்டு வைக்கிறவளா, அழிக்கிறவளா என்பது அந்த மனுசிக்குத் தெரியவேண்டியிருந்தது. இதில் நகையும் இல்லை, பொன்னும் இல்லை. இதை மறந்துவிடாதீர்கள், மற்றவர்கள் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மைக்காரர் ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து லாஞ்சுப் படகில் வந்தார். ஒடிசலான ஆள், கண் இமைகள் மட்டும் தடிப்பு. வெற்றிலையில் மை தடவிக் காட்டுவார். அதைப் பார்க்க ஒரு பிள்ளை வேண்டும். தலைப்பிள்ளையாய் இருக்கவேண்டும், உடம்பில் தழும்பு இருக்கக்கூடாது, பொய் சொல்லாத பிள்ளையாய் இருக்கவேண்டும். முதல் இரண்டுக்கும் நான் பொருத்தம். மூன்றாவதுக்கு அம்மா சத்தியம் பண்ணினார். அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன், அவருக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நடுமத்தியானம். மாமி வீட்டு உள்ளறை யன்னல்களைச் சாத்தினார்கள். சாம்பிராணிப் புகை, ஆமணக்கெண்ணெய் மணம், வேர்வை. என்னை முழங்காலில் இருத்தி வெற்றிலையைக் கையில் தந்தார் மைக்காரர். எனக்குப் பின்னால் மாமி, அவருக்குப் பின்னால் என் அப்பா. எங்கள் தெரு வேதக்கார உபதேசியார், இதெல்லாம் அஞ்ஞானக் கூத்து என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கு வெளியேதான் நின்றார். காது மட்டும் உள்ளே நின்றது.

"மகன், இதுக்கை என்ன தெரியுது?"

என் மூக்கு தெரிந்தது. கறுத்து, வீங்கி, கத்தரிக்காய் மாதிரி.

"கறுப்பு" என்றேன்.

"கண்ணை எடாமல் பார். ஒருத்தன் விளக்குமாறோடை வருவான். கூட்டுறானோ?"

முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது. தட்டில் கதலி வாழைப்பழச் சீப்பு இருந்தது. முடிந்ததும் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஓம், கூட்டுறான்."

"தண்ணி தெளிக்கச் சொல்லு."

"தண்ணி தெளி."

"தெளிக்கிறானோ?"

"ஓம்."

"கதிரை ஒண்டு கொண்டந்து போடச் சொல்லு."

"கதிரை போடு. போட்டாச்சு" என்றேன், அவர் கேட்க முந்தியே.

"இப்ப ஒருத்தர் வந்து இருப்பார். ஆரெண்டு பார்த்துச் சொல்லு."

இந்த இடத்தில் ஆஞ்சநேயர் வரவேண்டும். கூட்டுவதும் தெளிப்பதும் கதிரை போடுவதும் அவருக்காகத்தான். அவர் வந்து இருந்த பிறகு கேட்டால், காணாமல் போனதைக் காட்டுவார். இதுதான் முறை. பழத்தின் அவசரத்தில் நான் சுவாமியைத் தாண்டிப் போய்விட்டேன்.

"மாமா" என்றேன்.

மைக்காரரின் கை என் தோளை இறுக்கியது. "அப்பிடி வராது மகன். அந்தக் கதிரையிலை மனிசர் இருக்கப்படாது."

"மாமாதான்" என்றேன். சொன்ன பொய்யிலிருந்து இறங்குகிற பழக்கம் என்னிடம் அப்போதும் இல்லை.

மாமியின் மூச்சு என் பிடரியில் சுட்டது. "உயிரோடையோ தம்பி?"

"ஓம்."

"மெலிஞ்சு போனாரோ?"

"கொஞ்சம்."

"என்னைப் பாக்கிறாரோ?"

"இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்."

மற்றவை எல்லாம் எங்கிருந்து வந்தன என்று என்னால் சொல்லமுடியும். இந்தச் சுவர் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"சுத்திவர என்ன தம்பி?"

"கல்லு. மேலையும் கல்லு. வெளியிலை மான் நிக்குது." எங்கள் ஊரில் மான் நிற்காத இடம் எது?

"பக்கத்திலை ஏதும் கிடக்குதோ?" இது அப்பாவின் குரல். ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. நான் கண்ணைச் சற்றே உயர்த்தினேன். அறை மூலையில் மாமி அரிசி போட்டு வைக்கிற இரண்டு தேயிலைப் பெட்டிகள், ஒன்று மூடியில்லாமல்.

"பெட்டி" என்றேன்.

"பெட்டிக்கை?"

தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும் அல்லவா? "மினுங்குது."

அவ்வளவுதான். பொக்கிஷம் பிறந்துவிட்டது. அறை முழுக்க ஒரே கதை: எந்தப் பெட்டி, எவ்வளவு பெரிசு, மூடி இருக்குதோ? உபதேசியாரே ஒரு கால் உள்ளே வைத்துவிட்டார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். வெற்றிலை கையிலிருந்து விழுந்தது.

மைக்காரர் அதைக் குனிந்து எடுத்தார். முகம் சரியில்லை. "தங்கச்சி, பிள்ளை கண்ணை எடுத்துப்போட்டுது. கதிரையைத் திருப்பி எடுக்கச் சொல்லேல்லை" என்றார் மாமியிடம். "போட்டது போட்டபடி கிடக்குது."

அப்பா அவரை மலைக்கு வரும்படி கேட்டார்.

"நான் ஆளைப் பாக்க வந்தனான். பெட்டியைப் பாக்க வரேல்லை" என்றார் மைக்காரர். வைத்த தட்சணையைத் தொடாமல் லாஞ்சுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் விடியப் புறப்பட்டோம். ஆளைத் தேடத்தான் என்றார் அப்பா. ஆளைத் தேட, கல் பெயர்க்கிற இரண்டு அலவாங்கும் நாலு சாக்கும் எதற்கு என்று நான் கேட்கவில்லை. உபதேசியார் ஒரு சிலுவையும் தன் பங்குக்கு ஒரு சாக்கும் கொண்டுவந்தார். மாமி எங்கள் வீட்டுக் கரியரை அம்மாவிடம் இரவல் வாங்கி, சோறும் சூடை மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் கட்டிக்கொண்டு வந்தார். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

வழிகாட்டி நான். வழி தெரியாத ஒரே ஆள் என்பதால் முன்னுக்கு விட்டார்கள். பட்டறைக்குப் பின்னால் இருந்த கம்பிவேலி சரிந்து கிடந்தது. அதற்குள் போக முன்பெல்லாம் ஒருவருக்கும் ஏலாது. நான் கால் போன பக்கம் ஏறினேன். இளைத்துப்போய் ஒரு கல்லில் இருப்பம் என்று நினைத்த இடத்தில், காலில் குளிர் அடித்தது. அந்தக் கச்சான் வெக்கையில், ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. மலை மூச்சு விட்டது. எதிரே நின்ற மான் ஒன்று எங்களைப் பார்க்காமல் அந்தக் குளிர் வந்த கொடிப் புதரையே பார்த்துக்கொண்டு நின்றது.

கொடியை விலக்கினால் கொங்கிறீட் வாசல். பச்சை நிறம் பூசின இரும்புக் கதவு, பாதி திறந்தபடி. வெள்ளைக்காரன் வெடிமருந்து வைக்கக் குடைந்தது என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கு விளங்கியது ஒன்றுதான்: நான் பொய் சொன்ன இடம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அப்பா டோர்ச் அடித்தார். தரை கூட்டியிருந்தது. ஒரு சருகு இல்லை, ஒரு வௌவால் எச்சம் இல்லை. விளக்குமாறு போன கோடுகள் தெரிந்தன. கூட்டின தரை ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அந்த ஈரத்தில் எனக்கும் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது. ஆனால் நாங்கள் போகும்போதே அது ஈரம்தான், இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன்.

உள்ளே, கடைசியில், ஒரு கதிரை. சுவரைப் பார்த்துக்கொண்டு.

உபதேசியார்தான் முதலில் வாய் திறந்தார். "காத்துத்தான் கூட்டியிருக்கும். மலையிலை ஊத்து இருக்கும். கதிரை வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது." மூன்றுக்கும் மூன்று விளக்கம். சொன்னவருடைய கை சிலுவையை விடவில்லை.

பெட்டிகளைக் காணவில்லை. அப்படியானால் சுவருக்குப் பின்னால்தான் என்று அப்பா முடிவு கட்டி அலவாங்கால் தட்டத் தொடங்கினார். மாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கதிரையை வாசல் பார்த்தபடி திருப்பி வைத்தார். இருக்கையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதன்மேல் கரியரை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார்.

உபதேசியாருக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் மாமிக்குச் சொல்லாமல் நாங்கள் மூன்று பேர் மறுபடி போனோம். கதிரை திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரியர் நிலத்தில் இருந்தது. மூன்று அடுக்கும் கழட்டி, கழுவி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வரிசையாக வைத்திருந்தது.

"குரங்கு" என்றார் உபதேசியார்.

"குரங்கு கழுவுமோ?" என்று கேட்டேன்.

அப்பா என் காதைப் பிடித்தார். "வெளியிலை வாய் திறந்தியோ, கொண்டுபோடுவன். இதைக் கேட்டா ஊரே இஞ்சை வந்து நிக்கும். பிறகு எங்களுக்கு என்ன மிஞ்சும்?" அன்று பின்னேரம் கரியரைத் துறைமுகத்து ஆழத்தில் எறிந்தார். அம்மாவிடமும் மாமியிடமும் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். அம்மா அந்தக் கரியருக்காக ஒரு கிழமை அழுதார்.

அன்றைக்கும் அடுத்த நாளும் சுவரில் இடி இடியென்று இடித்தார்கள். குகைக்குள் சத்தம் உருண்டு உருண்டு உள்ளே போய், வேறு யாரோ உள்ளிருந்து இடிக்கிற மாதிரித் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை போனபோது கதவடியில் சருகு குவிந்திருந்தது. தரை காய்ந்து, புழுதி படிந்து கிடந்தது. காற்று அன்றைக்கும் வீசியது, ஆனால் கூட்டவில்லை. கதிரை இல்லை.

அலவாங்கோடு இரண்டு பேர் மலையேறுவதை ஊர் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்? ஒரு மாதத்துக்குள் மூதூர், கிண்ணியா எல்லாம் கதை. போகப் போகப் பெட்டிகள் ஏழாகின. நாகம் ஒன்று காவலுக்கு வந்து சேர்ந்தது. பறங்கி, ஒல்லாந்தன், இராவணன் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து உரிமை கொண்டாடினார்கள். கடைசியில், தலைப்பிள்ளையின் இரத்தம் விழுந்தால்தான் சுவர் திறக்கும் என்று எவனோ ஒரு புண்ணியவான் சேர்த்துவிட்டான். நான் விட்ட கதை முழு ஊரையும் சுற்றி வந்து என் கழுத்தைப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒருவர் பள்ளிக்கூட வாசலில் எனக்கு இனிப்பு நீட்டி, மெல்லக் கேட்டார்: "தம்பி வீட்டிலை தலைப்பிள்ளையோ?"

"இல்லை, நாலாவது" என்றேன். என் வாழ்க்கையில் பிரயோசனமாகச் சொன்ன முதல் பொய் அது. அவருடைய சட்டைக்கையில், மை போட்ட அறையில் மணத்த அதே ஆமணக்கெண்ணெய் மணத்தது.

மாமி பொட்டை அழிக்கவில்லை. பிள்ளை மையில் கண்டது, உயிரோடு இருக்கிறார் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் ஓம் என்றேன். சில காலத்தில் மாமி வீட்டை விட்டு வேறு பக்கம் போய்விட்டார். ஒரு பொய்யால் ஒரு மனுசியை விதவையாகவும் விடாமல், மனைவியாகவும் விடாமல் நடுவில் நிறுத்திவிட்டேனே என்கிற எண்ணம் நான் வளர வளர என்னோடு வளர்ந்தது.

முப்பது வயது தாண்டிய பிறகு கொழும்பில் எனக்கும் ஒரு முறை வேலை போனது. வீட்டில் சொல்ல வெட்கம். மூன்று கிழமை, நாள் தவறாமல் காலையில் சட்டை மினுக்கிப் போட்டு, சோற்றுப் பார்சலோடு புறப்பட்டு ஒரு வாசிகசாலையின் பின்மூலைக்குப் போனேன். என்னைத் தெரிந்தவர்கள் காணாமலிருக்கச் சுவரைப் பார்த்து இருப்பேன். ஒரு நாள் இருக்க முந்தி என் கைலேஞ்சியால் கதிரையைத் துடைத்தேன், மேசையடியில் கிடந்த தாள்களைக் காலால் ஒதுக்கிச் சுத்தமாக்கினேன். வேலை செய்கிற இடம் அல்லவா? அப்படியே கையை எடுக்காமல் நின்றுவிட்டேன். எனக்குக் குளிர் அடித்தது.

மாமா அந்தக் குகைக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார். விடியக் கூட்டி, புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்து, கதிரையில் இருந்து சங்கு ஊதாத நேரத்தைக் கழித்திருக்கிறார். ஒரு நாள் திரும்பி வர முகம் இல்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறார். மாமி வைத்த சோற்றைத் தின்று, கரியரைக் கழுவி வைத்ததுதான் அவர் அனுப்பிய பதில். அதைத்தான் அப்பா கடலில் எறிந்தார். நாங்கள்தான் இடித்து இடித்து ஆளைத் துரத்தினோம். இவ்வளவும் எனக்கு விளங்கியது. என் பொய் எப்படி முன்கூட்டியே அந்த இடத்துக்குப் போனது என்பது மட்டும் விளங்கவில்லை.

மாமி அன்புவழிபுரத்தில் இருப்பதாக விசாரித்து அறிந்துகொண்டு போனேன். தெரு முடக்கில் இருந்த கடைக்காரர் வழி காட்டினார். "ஆர், அந்தத் தனிச்ச மனிசியோ? கடைசி வீடு."

முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. மாமி வாசற்படியில் சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. என்னை ஆரெண்டு மட்டுக்கட்டி, இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மையில் என் மூக்கைத் தவிர ஒன்றும் காணவில்லை என்றேன். தேயிலைப் பெட்டியைச் சொன்னேன், கழுவிக் கவிழ்த்திருந்த கரியரைச் சொன்னேன், அப்பா அதை எறிந்ததைச் சொன்னேன்.

"அவர் அங்கைதான் இருந்தவர் மாமி. உங்கடை சோத்தைத்தான் சாப்பிட்டவர். நாங்கள்தான் துரத்திப்போட்டம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ!" ஊரைச் சிரிக்க வைத்தே வளர்ந்தவன், அன்றைக்கு வாய்விட்டுக் குழறினேன்.

மாமி சுளகை நிறுத்தினார். வீட்டுக்குள்ளே, இழுத்து மூடியிருந்த திரைச்சேலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"மெள்ளக் கதை தம்பி, அவர் படுத்திருக்கிறார்."